சொல்லப்படாதோர் குழு

லிஃப்ட்காரர் ஆரோக்கியமானவர் என்று முடிவு செய்தது ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் யாரும் அவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. திரையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அறையில் நின்றிருந்த வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒரு பச்சைப் பட்டையை எடுத்து அவர் மணிக்கட்டில் மாட்டி இறுக்கினார். பட்டையில் 'ஆரோக்கியர்' என்று பொறித்திருந்தது.

"இதைக் கழட்டவே கூடாது சார். குளிக்கும்போதுகூட."

"என் அண்ணன் இந்த நோய்லதான் போனாரு மேடம். நான் ஆபத்து உள்ளவங்க குழுவுலல்ல வரணும்?"

"அதுல இடம் நிரம்பிடுச்சு சார். ஆரோக்கியத்துலதான் ஆள் பத்தல."

"நடுவுல ஆரோக்கியம் போயிட்டா?" சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா சிரித்தார். "பட்டை இருக்கிற வரைக்கும் போகாது சார்."

கணையம் என்று ஓர் உறுப்பு தனக்கும் இருக்கிறது என்பதே, அண்ணனுக்கு அதில் புற்றுநோய் வந்த பிறகுதான் லிஃப்ட்காரருக்குத் தெரியும். அது இரைப்பைக்குப் பின்னால் முதுகை ஒட்டி ஒளிந்துகொண்டிருக்கும். நோய் முற்றுகிற வரை வாயே திறக்காது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லா டாக்டர்களும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "இன்னும் கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." யாரும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அது லிஃப்ட்காரர் காதிலேயே நின்றது. அதனால்தான் கணைய ஆய்வு நிலையத்தின் வாசலில் 'முன்னறி ஆய்வு: முன்பே அறிவோம், உயிரைக் காப்போம்' என்ற பலகையைப் பார்த்ததும், யாரும் கூப்பிடாமலேயே உள்ளே நுழைந்தார்.

ஒப்புதல் பத்திரத்தை ஒரு அதிகாரி உரக்கப் படித்துக் காட்டினார். நடுநடுவே தண்ணீர் குடித்தார். ஒரு வரியை மட்டும் தலையை நிமிர்த்தி, எதிரே பெரிய கூட்டம் உட்கார்ந்திருப்பதுபோலச் சொன்னார்: "பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்." லிஃப்ட்காரருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்தது. அவசரக் கதவு உள்ள கட்டடம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் தொழில் அப்படி. நகரத்தின் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நடுவழியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் போன் வரும். போனதும் கருவிப் பையைத் திறக்க மாட்டார். முதலில் கதவைத் தட்டி, "இருங்க, வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்வார். அப்புறம்தான் ஸ்பேனர். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுவது காற்று இல்லாததால் இல்லை, வெளியே ஆள் இருக்கிறதா என்று தெரியாததால்தான் என்பது அவர் கட்சி.

முன்னறி ஆய்வில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவரைச் சுரங்கம் போன்ற ஒரு மெஷினுக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். உள்ளே ஒரு பதிவு செய்த குரல் "மூச்சை இழுங்க" என்னும், "நிறுத்துங்க" என்னும், "விடுங்க" என்னும். ஒரு நாள் அந்தக் குரல் "விடுங்க" சொல்லவில்லை. பதிவு கெட்டுப்போயிருந்தது. லிஃப்ட்காரர் கண் பிதுங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வெளியே யாராவது ஒரு தட்டுத் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் தட்டவில்லை. கடைசியில் இருமிக்கொண்டு வெளியே வந்தவரை ஒருங்கிணைப்பாளர் அம்மா மனதாரப் பாராட்டினார்.

"உங்க ஒத்துழைப்பு அபாரம் சார். மத்தவங்கள்லாம் அவங்க இஷ்டத்துக்கு மூச்சு விட்டுடறாங்க."

அந்தப் பாராட்டின் பலனாக அவரைப் போட்டோ எடுத்து, நிலையத்தின் முன்கூடத்தில் ஆள் உயரத்துக்குப் படமாக மாட்டினார்கள். பட்டை கட்டிய கையை உயர்த்திக்கொண்டு அவர் சிரித்தார். கீழே 'நான் ஆரோக்கியர்!' என்று எழுதியிருந்தது.

அதற்கப்புறம்தான் வலி வந்தது.

ஒரு லிஃப்ட் குழிக்குள் குனிந்து நின்று கேபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது மேல்வயிற்றில் ஏதோ பிசைந்தது. அப்படியே முதுகுக்குப் போய் நின்றது. சாப்பாடு காரணமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். மறுபடி வந்தது. ஒரு நாள் வலியில் கை தானாக முதுகுப் பக்கம் போனதைக் கண்ணாடியில் பார்த்தார். அண்ணனின் கையும் கடைசி மாதங்களில் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

அவர் மனைவி துணி ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவர். அவரிடம் எதையும் மறைக்க முடியாது. கணவரின் பேண்ட் இடுப்பை ஒரு தடவை பிடித்துத் தைத்தார், மறுபடி பிடித்தார். மூன்றாவது தடவை பேண்ட்டைத் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஏங்க, இதுக்கு மேல பிடிச்சா ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணாயிடும். என்னன்னு கேளுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போறீங்களே, உங்க சுரங்கத்துக்காரங்ககிட்டயே கேளுங்க."

கேட்டார். ஒருங்கிணைப்பாளர் அம்மா வழக்கம்போல முதலில் தன் கேள்வியை முடித்தார்.

"போன தடவைக்கு அப்புறம் நீங்க ஆரோக்கியமா இருந்தீங்களா, ரொம்ப ஆரோக்கியமா இருந்தீங்களா?"

"வயித்துல வலி மேடம். முதுகு வரைக்கும் போகுது. இளைச்சுக்கிட்டே போறேன்."

"அப்ப முதலாவதைப் போட்டுக்கறேன்" என்று தட்டினார் அவர்.

"அதுல 'வலி'ன்னு இல்லையா?"

"அது நோயாளிகள் குழுவுக்கான திரை சார். உங்க திரையில அந்தக் கட்டம் வராது."

"சரி, எடுத்த படங்கள் இருக்குமே. அதைப் பார்த்துச் சொல்லுங்களேன்."

ஒருங்கிணைப்பாளர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஆய்வின் பெருமையே இதில்தான் இருக்கிறது என்று விளக்கினார். படம் பார்க்கிற நிபுணருக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தவர்களுக்குப் படத்தைக் காட்ட மாட்டார்கள். எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க இந்த ஏற்பாடு.

"ரெண்டும் தெரிஞ்சவர் யாரு மேடம்?"

"அப்படி ஒருத்தர் இல்லாம பார்த்துக்கறதுதான் சார் எங்க வேலையே."

லிஃப்ட்காரர் பட்டையைத் திருகினார். பிறகு பத்திரத்தில் தனக்குப் பிடித்த வரியை நினைவுபடுத்தினார். எப்போது வேண்டுமானாலும் விலகலாமே?

"தாராளமா விலகலாம். காரணம் என்ன?"

"நோய் வந்திருக்கும்னு பயமா இருக்கு."

"நோய் விலகறதுக்கான காரணம் இல்ல சார். அது ஆய்வோட முடிவு. முடிவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா நாங்க எதை எழுதறது?"

"வெளியில வேற டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் முகம் வாடிவிட்டது. கெட்டவர் இல்லை அவர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "வெளி டாக்டர் கை உங்க வயித்துல பட்டா தரவு கெட்டுடும் சார். உங்க தரவு கெட்டா குழுவோட தரவு கெட்டுடும். எத்தனை பேர் உழைப்பு! உங்க அண்ணன் மாதிரி இன்னும் எத்தனை பேர் முன்னாடியே தெரியாம சாகணும், சொல்லுங்க?"

அண்ணனை இழுத்ததும் லிஃப்ட்காரர் அடங்கிப் போனார். நிலையத்தில் பூட்டு எதுவும் கிடையாது, வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். அவரை உள்ளே வைத்துப் பூட்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

வீட்டில் மனைவி கத்தினார். "உங்க உயிரைவிட அவங்க கட்டம்தான் பெருசா? அந்தப் பட்டையை நான் கத்தரிக்கோலால வெட்டறேன், கையைக் கொடுங்க!"

"நான் கையெழுத்துப் போட்டவன்மா. அண்ணனுக்காகப் போட்டது" என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒளித்த இடத்திலும் வலித்தது.

வெளி டாக்டர்தானே கூடாது, அதே வளாகத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று மனைவி வழி கண்டுபிடித்தார். போனார்கள். சீட்டு கொடுக்கிறவர் பட்டையைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆரோக்கியமானவங்களுக்கு இங்க வைத்தியம் கிடையாது."

"வலிக்குதுங்க."

"கம்ப்யூட்டர்ல ஆரோக்கியர்னு இருக்கு. நான் சீட்டு கொடுத்தா கம்ப்யூட்டர் என்னைத்தான் கேள்வி கேக்கும். பின்னாடி பாருங்க, நோயாளிங்க நிக்கறாங்க. வழி விடுங்க."

அவரை அறநெறிக் குழுவிடம் அனுப்பியது அந்தச் சீட்டுக்காரர்தான். பங்கேற்பாளர் நலனைக் காப்பதற்கென்றே இருக்கிற குழு அது. நீண்ட மேஜை, குளிரூட்டிய அறை, தட்டு நிறைய பிஸ்கெட். லிஃப்ட்காரர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பங்கேற்பாளர் என்று ஒருவரை அவர்கள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தலைவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பேசினார். "ஐயா, உங்க நலன்ல உங்களுக்கு இருக்கிற அக்கறையைவிட எங்களுக்கு அதிக அக்கறை இருக்கு. அதனாலதான் உங்களைத் தொந்தரவு பண்ணாம நாங்களே உட்கார்ந்து பேசிக்கறோம். சொல்லுங்க, வலி உங்களுக்கு வந்ததா, ஆரோக்கியர் குழுவுக்கு வந்ததா?"

"எனக்குத்தான் சார் வந்தது."

"தனிப்பட்ட முறையில வந்திருந்தா அது எங்க வரம்புக்குள்ள வராது. குழுவுக்கு வந்திருந்தா விசாரிப்போம். ஆனா அப்ப மத்தவங்களுக்கும் வலிச்சிருக்கணுமே? வலிச்சிருக்கா?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரிஞ்சிருந்தாதான் தப்பு" என்று தலைவர் திருப்தியாகச் சொன்னார். "ரகசியம் நல்லாக் காக்கப்படுதுன்னு குறிச்சுக்குங்க." யாரோ குறித்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஓர் உறுப்பினர் அன்போடு பிஸ்கெட் தட்டை நீட்டினார். லிஃப்ட்காரருக்கு அதற்குள் எதுவும் இறங்காத நிலை வந்துவிட்டது.

நாளாக ஆக, முன்கூடத்துப் படத்தில் இருந்தவருக்கும் அதன் கீழே வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. வந்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நிலையம் உடனே நடவடிக்கை எடுத்தது. லிஃப்ட்காரர் இனிமேல் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஆய்வு முடிந்தது. முடிவுகளை அறிவிக்க ஒரு விழா வைத்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. லிஃப்ட்காரரும் மனைவியும் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். நிலையத்தின் இயக்குநர் மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நண்பர்களே, இந்த நோய் தெரியறதுக்குள்ள காலம் கடந்துடுதுன்னு உலகமே அழுதுக்கிட்டிருந்தது. இன்னிக்கு அந்த அழுகையை நிறுத்திட்டோம்! நம்ம ஆரோக்கியர் குழுவுல ஒருத்தர். எந்த அறிகுறியும் இல்ல. நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு, வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தவர். அவரோட கணையத்துல, ஒரு மிளகு அளவுல, ஒரு சின்னப் புள்ளி. நம்ம படத்துல விழுந்தது! எப்ப? போன வருஷமே!"

அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. இயக்குநர் கையை உயர்த்தி அமர்த்தினார்.

"அந்த அளவுல வெட்டி எடுத்துட்டா பிழைக்கறதுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்த படங்கள்ல அந்தப் புள்ளி எப்படி அழகா, படிப்படியா வளர்ந்துச்சுன்னு ஒண்ணு விடாம பதிவு பண்ணியிருக்கோம். இவ்வளவு முழுமையான வளர்ச்சிப் பதிவு வேற எங்கயும் இல்லன்னு பெருமையாச் சொல்வேன்!"

மறுபடி கைதட்டல். லிஃப்ட்காரர் தானும் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்தினார். ஆரோக்கியர் குழுவில் எவ்வளவோ பேர் இருந்தார்கள். யாராகவும் இருக்கலாம். அவர் கை முதுகுக்குப் போயிற்று.

மனைவி எழுந்துவிட்டார். தூணைச் சுற்றிக்கொண்டு நடுவழிக்கு வந்து, துணி வெட்டும்போது பேசுகிற அதே குரலில் கேட்டார்: "அவருக்குச் சொல்லியாச்சா?"

"யாருக்கும்மா?"

"அந்தப் புள்ளிக்காரருக்கு."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி! இந்த அம்மா விஷயத்தோட மையத்துக்கே வந்துட்டாங்க. கண்டுபிடிக்கறது இந்த ஆய்வு. சொல்றது வேற துறை. சொன்னா நல்லதா, சொல்லாம இருந்தா நல்லதா? அறிவியல்ரீதியா யாருக்கும் தெரியாது! அதுக்குத்தான் அடுத்த ஆய்வு. பாதிப் பேருக்குச் சொல்வோம், பாதிப் பேருக்குச் சொல்ல மாட்டோம். எந்தப் பாதி அதிக நாள் இருக்குன்னு பார்ப்போம். அம்மா, உங்களுக்காக எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க!"

தட்டினார்கள். மனைவி அந்தச் சத்தத்துக்கு நடுவில், பேசிய வாய் மூடாமல் நின்றார்.

விழா முடிந்த கையோடு புது ஆய்வுக்கான குலுக்கல் தொடங்கியது. யாரிடம் புள்ளி இருக்கிறது என்று வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பழைய ஆரோக்கியர்கள் எல்லோரையுமே வரிசையில் நிற்க வைத்தார்கள். புள்ளி இல்லாதவர்களுக்கென்று 'சொல்ல ஒன்றுமில்லாதோர் குழு' என்று தனியாக ஒன்றும் ஏற்பாடு செய்திருந்தார்கள். யார் எந்தக் குழு என்பது கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும். ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் வேலை, அது திரையில் காட்டுகிற பட்டையைக் கட்டுவதுதான்; குழுவின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. விழா அலுப்பில் அவருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் கையை நீட்டினார்.

"நீங்க... சொல்லப்படாதோர் குழு சார்" என்று சொல்லிச் சாம்பல் நிறப் பட்டையை எடுத்தார்.

லிஃப்ட்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கோளாறையும் மெதுவாகத்தான் யோசிப்பார் அவர். மேலேயிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்ப்பார்.

"மேடம், புள்ளி இல்லாதவங்க 'ஒண்ணுமில்லாதோர்'தானே?"

"ஆமா சார்."

"நான் அதுல இல்ல."

"இல்ல சார், நீங்க சொல்லப்படா..."

ஒருங்கிணைப்பாளர் அம்மா பாதியில் நிறுத்திக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாம்பல் பட்டை கீழே விழுந்தது.

"அப்ப எனக்கு இருக்கு" என்றார் லிஃப்ட்காரர். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இன்னொருவர் வாயிலிருந்து வந்தது இப்போதுதான்.

இயக்குநர் ஓடி வந்தார். மாலையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! நீங்கதான் சார் எங்க சொல்லப்படாதோர் குழுவோட முதல் ஆளு. தெரிஞ்சுக்கிட்டீங்களே! தெரிஞ்ச ஒருத்தரை வச்சுக்கிட்டு நான் என்ன ஆராய்ச்சி பண்றது?"

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் லிஃப்ட்காரர். பழக்கதோஷம்.

"விலகறேன்னு முன்னாடி கேட்டீங்களாமே? இப்ப நாங்களே நீக்கறோம். ரெண்டு ஆய்வுலேர்ந்தும்."

"என் படங்களைக் கொடுங்க சார். வெளியில காட்டிக்கறேன்."

"படங்கள் ஆய்வோட சொத்து. உங்க ஞாபகமா எங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒருங்கிணைப்பாளர் அம்மா பச்சைப் பட்டையை வெட்டக் கத்தரிக்கோல் தேடினார். மனைவி தன் பையிலிருந்து கடைக் கத்தரிக்கோலை எடுத்து, யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரே வெட்டில் வெட்டினார். அந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. முன்வாசல் வழியாகவே வெளியே போனார்கள். கூடத்தில் அவர் படத்தை மட்டும் எடுக்கவில்லை. அதில் இருந்தவர் இன்னும் ஆரோக்கியர்தான்.

தெருமுனையில் ஒரு மருந்துக் கடை. அதன் பின்னால் திரை போட்ட ஒரு சின்ன அறையில் ஒரு வயதான டாக்டர் உட்கார்ந்திருப்பார். காய்ச்சலுக்கும் இருமலுக்கும்தான் கூட்டம் வரும். கம்ப்யூட்டர் கிடையாது. லிஃப்ட்காரர் உள்ளே போய், தான் யார், எந்தக் குழு என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "எங்க வலிக்குது?"

அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எங்கே என்று காட்டத் தெரியாதவர்போல ஒரு கணம் முழித்தார். அப்புறம் சட்டையைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மேல்வயிற்றில் வைத்து அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் முகத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் யாரும் பாக்கலையா?"

"எல்லாரும் பார்த்தாங்க டாக்டர்" என்றார் மனைவி. "படம் படமா எடுத்துப் பார்த்தாங்க."

"கணையத்துலதான் டாக்டர்" என்று லிஃப்ட்காரர் அவசரமாகச் சொன்னார். குரலில் ஒரு ஆசை இருந்தது. "ஆனா மிளகு அளவுதானாம். அந்த அளவுல வெட்டி எடுத்துட்டா பிழைச்சுக்கலாம்னு மேடையிலேயே சொன்னாங்க."

"மிளகு அளவு எப்ப?"

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி, தான் பலமுறை பிடித்துத் தைத்த பேண்ட்டின் இடுப்பைப் பார்த்தார்.

"போன வருஷம்" என்றார்.

டாக்டர் கையை அந்த வயிற்றிலிருந்து உடனே எடுக்கவில்லை. பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார். "ஆமாடா, இன்னிக்கேதான். நாளைக்குன்னு சொல்லாத. நானே கூட்டிக்கிட்டு வர்றேன்." போனை வைத்துவிட்டு, தன்னோடு படித்தவன் ஒருவன் வேறு ஊரில் இந்த ஆபரேஷன்தான் செய்கிறான் என்றார். என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும், எது தெரிந்தாலும் தெரிந்த உடனே சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார்.

"சட்டையைப் போட்டுக்குங்க."

கார் சாவியை எடுக்க அவர் மரச் சுவருக்குப் பின்னால் இருந்த உள்ளறைக்குப் போனார். சாவிகள் உரசின, எதுவோ கீழே விழுந்தது. லிஃப்ட்காரர் பெஞ்சில் வெளுத்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பித்தான் போடக் கை வரவில்லை, மனைவி போட்டுவிட்டார்.

உள்ளிருந்து மரச் சுவரில் இரண்டு தட்டுக் கேட்டது. "இருங்க, வந்துட்டேன்" என்றார் டாக்டர்.

அதற்கப்புறம்தான் லிஃப்ட்காரர் அழுதார்.